ராணியின் கன்னத்தில் இரண்டு கோடுகள்

ஜனவரி 9, வெள்ளி

சின்னவளுக்கு,

பெட்டியைத் திறந்ததும் காசைத்தான் முதலில் எடுப்பாய், தெரியும். எல்லாவற்றையும் எண்ணி முடித்துவிட்டு இதைப் படி.

இதில் ஒன்று முதல் ஐம்பது வரை இருக்கின்றன. ஒவ்வொரு உறையிலும் எண், எடை, விட்டம் எழுதியிருக்கிறேன். இனி வெள்ளிக்கிழமைதோறும் ஐம்பது காசு அலுவலக வண்டியில் உங்கள் பெரிய மியூசியத்துக்கு வரும். காலிப் பெட்டி செவ்வாய்க்கிழமை இங்கே திரும்ப வேண்டும். புதையல் பானையில் இருந்த ரோமக் காசு மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. சாக்கடைக்குப் பள்ளம் தோண்டியவர்கள் கடப்பாரையால் பானையை உடைத்ததைத் தவிர, காசுக்கு ஒரு சேதமும் இல்லை.

நாம் போனில் பேசி இரண்டு மாதம் ஆகிறது. பேசினால் மூன்றாவது நிமிடத்தில் யாராவது ஒருத்தி வைத்துவிடுகிறோம். அம்மா வேறு ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நடுவர் வேலை பார்க்கிறாள். அதனால்தான் காகிதம். இதில் குறுக்கே பேச முடியாது.

நான் வாழ்த்துச் சொல்லவில்லை என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். சரி, வாழ்த்துகள். பெரிய மியூசியத்தில் நாணயப் பிரிவின் பொறுப்பாளர் என்றால் சும்மாவா? நேர்காணலுக்கு இரண்டு பேரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம். ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். நீ முதலில் போய்ச் சொல்லிவிட்டு வந்த பதில்களை நான் போய் இரண்டாம் தடவை சொன்னேன். அன்று காலை உன் செருப்பு வார் அறுந்துவிட்டது என்று என் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாய். என் செருப்பில் நடந்து போய், எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாய். நாற்காலியை நீயே வைத்துக்கொள். செருப்பை அனுப்பு.

இங்கே நம் ஊர் மியூசியத்தின் பின்னறையில் ஒரு தொட்டி, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஜன்னல், நான். காசு என்று சொல்லி என்னிடம் வருவது பச்சைக் கட்டி. ஊறவைத்து, மர ஊசியால் பொடிப்பொடியாகப் பெயர்த்து, ஒரு முகத்தை வெளியே கொண்டுவர அரை மணியும் ஆகும், அரை நாளும் ஆகும். நான் கொண்டுவரும் முகத்துக்கு நீ பெயர் சொல்வாய். சொன்னவளுக்குப் பெயர் கிடைக்கும். இந்த ஏற்பாட்டை யார் செய்தார்களோ.

ஒன்று கேட்கிறேன். கண்காட்சி அட்டைகளில் ‘படித்தவர்’ என்று உன் பெயர் வருமில்லையா, அதற்குக் கீழே ‘சுத்தம் செய்தவர்’ என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று உங்கள் டைரக்டரிடம் கேள். கெஞ்சவில்லை. கேட்கத்தான் சொல்கிறேன்.

பெரியவள்

ஜனவரி 13, செவ்வாய்

அக்கா,

ஐம்பதும் பத்திரமாக வந்தன. உன் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் உறையைப் பிரித்ததும் போய்விட்டது, என்ன சுத்தம், என்ன சுத்தம்! எட்டாம் எண்ணைப் பார்த்தாயா? பார்க்காமல் எப்படி, நீதானே வெளியே கொண்டுவந்தாய். யானை பாம்பை மிதிக்கிறது, கீழே சீசர் என்று பெயர். யானை யார், பாம்பு யார் என்று இன்றைக்கும் படித்தவர்கள் அடித்துக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் பேப்பர் ஏது, மைக் ஏது? ரோமாபுரியில் காசுதான் போஸ்டர். இது மட்டும் யாரும் கிழிக்க முடியாத போஸ்டர். ஆள் போக முடியாத ஊருக்கும் முகம் போய்விடும்.

முப்பத்தொன்றாம் எண்ணில் ஒரு பக்கம் ஆண்டனி, மறுபக்கம் இளவட்டம் ஆக்டேவியன், பின்னால் அகஸ்டஸ் என்று பேரரசன் ஆனவன். அப்போது இருவரும் கூட்டாளிகள். பிறகு ஆக்டேவியன் தன் அக்காவையே ஆண்டனிக்குக் கட்டிவைத்தான், மச்சான்களும் ஆனார்கள். பத்தே வருஷத்தில் ஒருவனை ஒருவன் ஒழிக்கக் கடலில் கப்பலோடு நின்றார்கள். அந்தக் காசு மட்டும் இரண்டு முகத்தையும் முதுகோடு முதுகாக ஒட்டிவைத்துக்கொண்டு அப்படியே இருக்கிறது, பாவம்.

அட்டையைப் பற்றி டைரக்டரிடம் கேட்டேன். இடம் இல்லையாம். நான் என்ன செய்யட்டும், சொல்லு.

நேர்காணலைப் பற்றி நான் பேசமாட்டேன். பேசினால் நீ அழுவாய், இல்லாவிட்டால் நான் அழுவேன். செருப்பு இந்தப் பெட்டியில் கொள்ளவில்லை.

ஆண்டனியும் கிளியோபாட்ராவும் சேர்ந்திருக்கும் காசு ஒன்றாவது பானையில் இருக்காதா? பத்து வருஷமாகப் படத்தில் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண்ணில் பட்டால் உடனே சொல்லு, ப்ளீஸ்.

உன் சின்னது

பிப்ரவரி 6, வெள்ளி

சின்னவளுக்கு,

201 முதல் 250 வரை. அதில் 217 தனி உறையில் இருக்கிறது. ஒரு பக்கம் ஆண்டனி, மறுபக்கம் கிளியோபாட்ரா. கேட்டுக்கொண்டே இருந்தாயே, வந்துவிட்டது. மற்றதை நீயே பார்த்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை பேப்பரையும் பார்த்தேன். ‘பானையைப் படித்த பெண்’ என்று அரைப்பக்கம். அம்மா காலையிலேயே சத்தமாக இரண்டு தடவை வாசித்துவிட்டு, வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். நான் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் நீ லென்ஸோடு சிரிக்கிறாய். படத்தில் உன் விரலிடுக்கில் இருப்பது 88. அதன் மூக்கை மட்டும் வெளியே கொண்டுவர எனக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. மூக்கு நன்றாக விழுந்திருக்கிறது. என் பெயர்தான் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

இங்கே வேறு விசேஷம் இல்லை. அம்மா இரண்டு நாளாக ஒரு முட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அவித்து வைத்ததில் ஒன்று குறைகிறதாம். “எடுத்தா எடுத்தேன்னு சொல்லு. ஒரு முட்டைக்கு ஏன் இப்படி முழிக்கிற?” என்கிறாள்.

பெரியவள்

பிப்ரவரி 10, செவ்வாய்

அக்கா, அக்கா, அக்கா,

217-ஐப் பிரித்தேன். முதலில் லேசாக ஒரு வாடை, சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்து வைத்தாயா என்ன? அதை விடு. ராணியைப் பார்த்தேன். அந்த மூக்கு, அந்தத் தாடை, சுற்றிலும் ‘அரசர்களின் ராணி, அரசர்களான பிள்ளைகளின் ராணி’ என்று எழுத்து. முன்னால் கப்பலின் முனை. ரோம வெள்ளிக்காசில் வேற்று நாட்டு ராணியின் முகத்தைப் போட ஆண்டனிக்கு எத்தனை தைரியம் இருந்திருக்க வேண்டும். ஊரில் இருந்த பெண்டாட்டிக்கு வயிறு எப்படி எரிந்திருக்கும்!

அதெல்லாம் தெரிந்த கதை. தெரியாதது, ராணியின் கன்னத்தில் குறுக்கே இரண்டு கோடுகள். யாரோ வேண்டுமென்றே கீறியிருக்கிறார்கள். டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பார்த்தார். அவர் யாருக்காகவும் எழுந்திருக்கிற ஆள் இல்லை.

இப்போது எல்லாம் உன் கையில். அந்தக் கீறல் பச்சைப் படிவுக்கு அடியில் இருந்ததா, மேலே இருந்ததா? அடியில் இருந்தால் மண்ணுக்குள் போகும் முன்னாலேயே, அந்தக் காலத்து ஆள் ஒருவர் கீறியது. இதுவரை யாருக்கும் கிடைக்காத விஷயம். மேலே என்றால் கடப்பாரை பட்ட காயம், ஒன்றுமில்லை. உன் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறாய்?

சீக்கிரம் எழுது. போனில் கேட்டால் நீ இழுத்தடிப்பாய்.

உன் சின்னது

பிப்ரவரி 13, வெள்ளி

சின்னவளுக்கு,

பதிவேட்டில் 217-க்கு நேரே ‘சுத்தம் முடிந்தது’ என்று இருக்கிறது. வேறு எதுவும் இல்லை.

கடப்பாரை பட்ட காயம் இல்லை, அது மட்டும் சொல்ல முடியும். நான் துடைக்கிறவள். நீதானே படிக்கிறவள், படி.

முட்டை விவகாரம் முடிந்தது. நான்தான் தின்றேன் என்று ஒப்புக்கொண்டேன்.

பெரியவள்

மார்ச் 3, செவ்வாய்

அக்கா,

கட்டுரையை எழுதி முடித்துவிட்டேன். உனக்குத்தான் முதலில் சொல்கிறேன், அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

இங்கே எல்லோரும் இது அரசியல் என்றார்கள். ஆண்டனியும் ராணியும் தோற்று ஓடிய பிறகு, வென்றவன் பக்கத்துச் சிப்பாய் எவனோ வெறியில் கீறியிருப்பான் என்றார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. சிப்பாயாக இருந்தால் காசைத் திருப்பி ஆண்டனியின் கழுத்தையும் அறுத்திருப்பான். ராணியின் பெயரைச் சிதைத்திருப்பான். இதில் பெயரின் ஓர் எழுத்தைக்கூட யாரும் தொடவில்லை. முகம் மட்டும்தான் குறி. நல்ல வெளிச்சத்தில், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, மெல்லிய முனையால் கீறியிருக்கிறது. முதல் கோடு நடுங்கியிருக்கிறது. இரண்டாவது நேராகப் போகிறது. முதலாவதைப் போட்டுவிட்டுப் பயந்திருக்கிறாள், அப்புறம் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். ஆம், ‘பயந்திருக்கிறாள்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். இது எதிரியின் கை இல்லை அக்கா, பொறாமைக்காரியின் கை. அந்த ராணி இருக்கும் இடத்தில் நான் இருந்திருக்க வேண்டியவள் என்று நினைத்த யாரோ ஒருத்தி.

படித்துவிட்டு டைரக்டர், “காசு படிக்கலாம், எழுத்து படிக்கலாம். நீங்க கையவே படிச்சுட்டீங்களே!” என்றார்.

கண்காட்சியின் நடுக்கூடத்தில் 217 மட்டும் தனிப் பெட்டியில் இருக்கும். அதற்கு முன் ஒரு சம்பிரதாயம். ‘கீறல் படிவுக்கு அடியில் இருந்தது’ என்று சுத்தம் செய்தவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரே வரிதான். உன் பெயர் எதிலும் இல்லை என்றாயே, இதில் பெரிய எழுத்தில் இருக்கிறது, பார்.

உன் சின்னது

மார்ச் 6, வெள்ளி

சின்னவளுக்கு,

தாளில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். கடைசிப் பன்னிரண்டு காசும் இதில் இருக்கின்றன. இத்தோடு பானை காலி.

செருப்பு வரவில்லை.

பெரியவள்

மார்ச் 31, செவ்வாய்

அக்கா,

மூன்று வாரமாக ஒரு வரிகூட இல்லையே, என்ன கோபம்? சரி, நல்ல செய்தியாகச் சொல்கிறேன். ஏப்ரல் பதினெட்டு சனிக்கிழமை திறப்பு. மியூசியத்தின் முகப்பில் நான்கு மாடி உயரத்துக்குப் பேனர் தொங்குகிறது. ராணியின் முகம், கன்னத்தில் அந்த இரண்டு கோடு, கீழே ‘பொறாமையின் கை’ என்று என் கட்டுரையின் தலைப்பு, அதற்கும் கீழே என் பெயர். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அன்றைக்கே என்னை நிரந்தரமாக்கும் உத்தரவையும் கொடுக்கப்போகிறார்களாம்.

அம்மாவுக்கும் உனக்கும் மூன்றாவது வரிசையில் இடம் போட்டிருக்கிறேன். முதல் இரண்டு வரிசையும் பெரிய மனிதர்களுக்காம். கட்டாயம் வா. வந்து உம்மென்று உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை.

பேனரின் படம் ஒன்று அம்மாவுக்காக இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் சின்னது

ஏப்ரல் 10, வெள்ளி

சின்னவளே,

நின்றுகொண்டு படிக்காதே. கதவைச் சாத்திவிட்டு உட்கார்.

217-இல் இருக்கும் இரண்டு கோடுகளும் என்னுடையவை.

பிப்ரவரி மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலையில் அம்மா அந்தப் பேப்பரை வாசித்தாள் என்று எழுதினேனே, அன்றைக்குத்தான். “பெரிசு, கேட்டியா, எம்புட்டு அழகா போட்டிருக்கான்!” என்று இரண்டாம் தடவை வாசிக்கும்போது நான் பையை எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டேன். ஊறலில் இருந்து 217-ஐ எடுத்தேன். ஆண்டனி பக்கம் முந்தின நாளே முடிந்திருந்தது. வெள்ளியின் மேல் எஃகு படக்கூடாது, மர ஊசிதான் படலாம். இந்த வேலைக்கு வருகிற யாருக்கும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அன்று என் மர ஊசி முனை மழுங்கிக் கிடந்தது. எழுந்து போய்ச் சீவ எனக்கு மனம் இல்லை. பிளேடை எடுத்தேன். கன்னத்தில் ஒட்டியிருந்த பச்சைச் செதில் பட்டென்று பெயர்ந்தது, பிளேடு வழுக்கிவிட்டது. மைக்ராஸ்கோப்பில் அந்தக் கோடு ஒரு ரோடு அகலத்துக்குத் தெரிந்தது. பளபளவென்று இருந்தது.

அப்போதே காசைக் கீழே வைத்திருக்க வேண்டும். எங்கள் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுப் பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். இதற்கெல்லாம் ஒரு படிவமே இருக்கிறது. நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கிய தாடை. பேப்பரில் நீயும் தாடையைத் தூக்கிக்கொண்டுதான் நின்றாய்.

முதல் கோடு கை தவறியது. இரண்டாவது தவறவில்லை.

புதுக் கீறல் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். மறுநாள் அம்மா அவித்து வைத்த முட்டையில் ஒன்றை எடுத்து வந்து, நசுக்கி, காசோடு ஒரு டப்பாவில் போட்டு மூடினேன். சின்ன வயதில் அம்மாவின் வெள்ளிக் கிண்ணத்தைக் கறுக்க வைத்து இரண்டு பேரும் உதை வாங்கினோமே, அதே வேலை. சாயங்காலத்துக்குள் கோடு கறுத்துவிட்டது. காசு முழுக்கக் கறுத்ததை மறுபடி துடைத்து, கோட்டுக்குள் மட்டும் கறுப்பை விட்டேன். பானை வந்த இந்த எட்டு மாதத்தில் நான் செய்த வேலையிலேயே அதுதான் நுணுக்கமான வேலை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நன்றாகச் செய்தேன்.

நீ ‘அடியிலா மேலேயா’ என்று கேட்டபோது சொல்லியிருக்கலாம். உன் கட்டுரை வந்தபோது சொல்லியிருக்கலாம். கையெழுத்துக்குத் தாள் வந்தபோது பேனாவை எடுத்து, சந்தோஷமாகப் போட்டேன். ஏறட்டும், இன்னும் மேலே ஏறட்டும், விழும்போது சத்தம் பெரிதாகக் கேட்கட்டும் என்றுதான் இருந்தேன்.

இப்போது ஏன் சொல்கிறேன்? மனசாட்சி உறுத்தியது என்று நினைத்துக்கொள்ளாதே. நேற்று அம்மா பேனர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “எவளோ ஒரு மகராசி கீறினா, எம் பொண்ணுக்கு வேலை நிரந்தரமாச்சு” என்று சிரித்தாள். அதுதான் தாங்கவில்லை. நான்கு மாடி உயரத்துக்குத் தொங்குவது என் கோடு. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பது என் கையை. கீழே உன் பெயர்! நான் இத்தனை வருஷம் செய்ததெல்லாம் யாரோ போட்டதைத் துடைக்கிற வேலை. சொந்தமாக நான் போட்டது அந்த இரண்டே கோடு. அதையும் எடுத்துக்கொண்டுவிட்டாயேடி. பொறாமையில் போட்டேன், அதே பொறாமையில்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நடுங்கிய கோடு, நேரான கோடு, பயந்தாள், முடிவுக்கு வந்தாள் என்று நீ எழுதியதைப் படித்ததும் கடிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஒன்று விடாமல் படித்துவிட்டாய். அப்படிப் படிக்கத் தெரிந்ததற்கும் சேர்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது.

இங்கே யாரிடமும் சொல்லவில்லை. பதினெட்டாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. இந்தக் கடிதத்தை நீ கிழித்துப்போட்டால் நானும் வாயைத் திறக்கமாட்டேன். டைரக்டரிடம் காட்டினால், கூப்பிடுகிற இடத்துக்கு வந்து நிற்கிறேன்.

பெரியவள்

ஏப்ரல் 11, சனி

வந்தது. படித்தேன். உன் செருப்பை எரித்துவிட்டேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

அக்கா,

செருப்பை எரிக்கவில்லை. எரிக்கத்தான் எடுத்தேன். மாடியில் தீப்பெட்டியோடு நின்றபோது உனக்கு எழுத வேண்டியது ஞாபகம் வந்து கீழே இறங்கிவிட்டேன்.

மூன்று நாள் உன்னை நன்றாகத் திட்டினேன். குளிக்கும்போது, பஸ்ஸில், கண்ணாடி முன்னால் எல்லாம் திட்டினேன். திட்டிக்கொண்டே இருக்கும்போது நடுவில் ஒரு வாடை அடித்தது. பிப்ரவரியில் உறையைப் பிரித்தபோது அடித்த அதே வாடை. அக்கா, எனக்கு அந்த வாடை தெரியும். கிண்ணத்தைக் கறுக்க வைத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டவள் நான்தான். உறையைப் பிரித்த அந்த நிமிடமே ஏதோ ஒன்று மனதில் தட்டியது. அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ‘சாப்பாட்டு டப்பாவா’ என்று உன்னைக் கேட்டது, ஆமாம் என்று நீ சொல்வாய் என்ற நம்பிக்கையில். அது கிடைக்காததால்தான் கையெழுத்துக்குத் தாள் அனுப்பினேன். அது டைரக்டர் கேட்டது இல்லை. நானாகத் தயார் செய்தது. நாளைக்கு ஏதாவது ஆனால் உன் தலையில் விடியட்டும் என்றுதான். போடமாட்டாய் என்று பாதி மனசு நினைத்தது. போட்டுவிட்டாயே, பாவி.

அட்டையில் உன் பெயரைச் சேர்க்க இடம் இல்லை என்று டைரக்டர் சொல்லவே இல்லை. நான் கேட்கவே இல்லை. முதல் பெட்டி வந்த அன்று அவர் 31-ஐ விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “யார் கை இது? இந்தக் கை நம்மகிட்ட இருந்திருக்கணும்” என்றார். அப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்து பத்து வாரம்கூட ஆகவில்லை எனக்கு. ‘அந்த ஊர் மியூசியத்தில் ஓர் ஆள் இருக்கிறார்’ என்றேன். அக்கா என்று வாயில் வரவில்லை. பெயரைப் போட்டால் நேர்காணலில் இரண்டாவதாக வந்தவள் நீ என்று அவருக்கு ஞாபகம் வந்துவிடும், அப்புறம் என்னையும் உன்னையும் எடை போடுவார் என்று பயம். உனக்கு மட்டும்தான் வயிறு எரியும் என்று நினைத்தாயா?

நேற்று எல்லாவற்றையும் டைரக்டரிடம் சொன்னேன். உன் கடிதத்தைக் கொடுத்தேன், வாடையைப் பற்றியும் சொன்னேன். அவர் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டுப் பேனரை இறக்கச் சொன்னார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன், ராணி நெற்றியிலிருந்து தொடங்கி மடிந்து மடிந்து வந்தாள். என் நிரந்தரம் ஒரு வருஷம் தள்ளிப்போயிருக்கிறது. கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஏன் என்றும் எழுத வேண்டும். உனக்கு ஆறு மாதம் வெள்ளிக்காசு கிடையாது, உடைந்த பானையோடுகளைக் கழுவும் வேலை. உங்கள் பொறுப்பாளரிடமும் பேசிவிட்டார், உத்தரவு தனியாக வரும்.

காசைக் காட்சியிலிருந்து எடுத்துவிடலாம் என்றார்கள். நான்தான் இருக்கட்டும் என்றேன். என் வாசிப்பில் ஒரு தப்பும் இல்லை அக்கா. நடுக்கம், நேர்கோடு, பொறாமை, பெண், எல்லாம் சரி. காலம் மட்டும்தான் இரண்டாயிரம் வருஷம் பிசகிவிட்டது.

பதினெட்டாம் தேதி நீ வராதே. பார்த்தால் எல்லோர் முன்னாலும் அறைந்துவிடுவேன். அம்மாவை மட்டும் அனுப்பு.

சின்னது

மே 4, திங்கள்

சின்னவளுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை, உனக்கு விடுமுறை என்று தெரிந்துதான் வந்தேன். சொல்லிவிட்டு வரவில்லை. சொல்லியிருந்தால் நீ வாசலிலேயே நின்றிருப்பாய்.

வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். யானைக்கு நல்ல கூட்டம். ‘எகிப்து பிடிபட்டது’ என்று அகஸ்டஸ் அடித்த முதலைக் காசுக்கு அதைவிடக் கூட்டம், பிள்ளைகள் மூக்கைக் கண்ணாடியில் வைத்துத் தேய்க்கிறார்கள். எல்லாம் நான் துடைத்தவை. ஒவ்வொன்றுக்கும் கீழே என் பெயர். நானூற்றுப் பதினோரு அட்டையிலும் தேடிப் பார்த்தேன், ஒன்றில்கூட விட்டுப்போகவில்லை. கால் வலி இப்போதுதான் தெரிகிறது.

கடைசியாக 217. புது அட்டையை மூன்று தடவை படித்தேன். ‘ராணியின் கன்னத்தில் உள்ள இரண்டு கோடுகளும் இந்த ஆண்டு பிப்ரவரியில் விழுந்தவை. சுத்தம் செய்தவரும் கீறியவரும்’ என்று என் பெயர். ‘பழையது என்று தவறாகப் படித்தவர்’ என்று அதற்குக் கீழே உன் பெயர்.

எனக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் நின்றார்கள். “அக்கா தங்கச்சியாம், பேப்பர்ல வந்துச்சே” என்றாள் ஒருத்தி. “அதானே பார்த்தேன்! வேற யாரு இவ்வளவு நேரா கீறுவா?” என்றாள் மற்றவள். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு ஏனோ கண் கலங்கிவிட்டது, அதையும் அடக்கிக்கொண்டேன்.

எல்லாம் சரி. ஒன்றுதான் சரியில்லை. என் பெயர் மேலே இருக்கிறது, உன் பெயர் கீழே இருக்கிறது, அதில் குறை இல்லை. ஆனால் என் பெயரின் எழுத்து நான்கு மில்லிமீட்டர் உயரம். உன் பெயரின் எழுத்து ஐந்து. காசின் விட்டம் அளக்கிற கருவி பையில் இருந்தது, கண்ணாடியின் மேல் வைத்து மூன்று தடவை அளந்தேன். மற்ற நானூற்றுப் பதினொன்றிலும் இருவருக்கும் ஒரே அளவு. இதில் மட்டும் ஏன்? வேலை செய்தது நான். கெடுத்தது நான். இரண்டு கோட்டையும் போட்டவள் நான். உனக்கு எதற்கு ஒரு மில்லிமீட்டர் அதிகம்?

உடனே பதில் எழுது.

பெரியவள்

மே 8, வெள்ளி

அக்கா,

திங்கட்கிழமை வந்ததுமே காவலர் சொன்னார், “மேடம், நேத்து ஒரு அம்மா வந்து காசைப் பார்க்கல, அட்டையை அளந்துட்டுப் போறாங்க. போலீஸ்ல சொல்லணுமா?” வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் பதினான்காம் தேதிக்குப் பிறகு மாதக் கடைசி வரை உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அம்மாவிடம் கேட்டால், “பானையோடு கழுவுறா, பேசமாட்டேங்கிறா” என்றாள். நான் மன்னிப்புக் கேட்டு எழுதினால் நீ பதில் போடமாட்டாய். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் சுத்தமாகப் போடமாட்டாய். ஒரு மில்லிமீட்டர் குறைத்தால் பக்கம் பக்கமாக எழுதுவாய் என்று எனக்குத் தெரியாதா? அட்டை அச்சடிக்கிறவர், “கவனிக்கவே முடியாதே, யாருக்காக?” என்றார். “கவனிக்கிற ஒரே ஆளுக்காக” என்றேன்.

இன்றைக்கு இரண்டு பெயரையும் ஐந்தாக்கிவிட்டேன். உன் செருப்பை இத்துடன் அனுப்புகிறேன். இடதுகால் மட்டும். வலதுகால் என் மேஜைக்கு அடியில் இருக்கிறது, அதை நீயே வந்து எடுத்துக்கொள்.

உன் சின்னது